காட்பாடியில் ராஸ்பெர்ரி: இலை ஓரம் கருகுகிறது, இப்போதே தரையில் நடலாமா?

காட்பாடி கொல்லை:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் காலியாகக் கிடக்கிறது. செம்மண், கொஞ்சம் சரளை. பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஆன்லைனில் 'ரெட் ராஸ்பெர்ரி' நான்கு கன்று வாங்கினேன். தை மாதம் வந்தவை, இன்னும் பையில்தான் இருக்கின்றன. துளிர் நன்றாக விடுகிறது. ஆனால் பழைய இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகிக் காய்ந்து சுருள்கிறது, நடுவில் பச்சை மாறவில்லை. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

இது மாசி. பங்குனி பிறந்தால் நம் ஊர் வெயில் தெரிந்ததுதான். அதற்குள் வரிசையாக நட்டுவிடலாமா? போன வருடம் கத்தரி போட்ட பாத்தி தயாராக இருக்கிறது.

குடியாத்தம் மாடி:
தண்ணீர் எங்கிருந்து விடுகிறீர்கள் சார்? போரா, குழாயா?

காட்பாடி கொல்லை:
போர்தான். சமையலறை ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரையும் வீணாக்காமல் ஊற்றுகிறோம். போர் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1100 காட்டுகிறது.

குடியாத்தம் மாடி:
ஓரம் கருகுவதற்குக் காரணம் அதுதான். ஆர்.ஓ. வெளியேற்றும் தண்ணீரில் போரில் இருந்த உப்பு இன்னும் கெட்டியாகிப் போகும். தென்னைக்கு ஊற்றலாம், ராஸ்பெர்ரிக்கு ஆகாது. உப்பைத் தாங்காத பயிர்களில் இது முன்வரிசை. ஊற்றும் உப்பெல்லாம் இலை ஓரத்தில் போய்ச் சேர்ந்து அங்கேதான் முதலில் சுடும். நரம்பு பச்சையாக நின்று நடுப்பகுதி மஞ்சளானால் அது வேறு கதை, மண்ணில் காரம் ஏறி இரும்புச் சத்து எடுக்க முடியாத நிலை. உங்களுக்கு அது இல்லை.

குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் பிடித்து வையுங்கள். பையின் அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை ஒரு தடவை ஊற்றிக் கழுவிவிடுங்கள், சேர்ந்த உப்பு இறங்கிவிடும். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. புது இலையைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஏலகிரிக் கன்று:
தண்ணீரை விட எனக்குப் பெரிய சந்தேகம் செடி மேல்தான். நிஜமான சிவப்பு ராஸ்பெர்ரி குளிர்நாட்டுப் பயிர். பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் குளிர் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். வேலூரில் மார்கழியிலும் 15 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். முதல் வருடத் தண்டிலேயே காய்க்கும் ரகங்களுக்குக் குளிர் குறைவாகப் போதும் என்றாலும், கத்திரி வெயிலை அவை எப்படித் தாண்டும்?

ஆனால் இந்தியாவில் அந்தப் பெயரில் மைசூர் ராஸ்பெர்ரியும் விற்கிறார்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் காட்டில் தானாக வளர்கிற வகை. அதற்கு அந்தக் குளிர் தேவையில்லை. உங்களிடம் இருப்பது அதுவானால் யோகம். தண்டைப் பாருங்கள். ஊதா நிறத்தில், விரலால் தேய்த்தால் போகிற வெள்ளைப் பூச்சுடன், கொக்கி போல் வளைந்த முள் இருக்கிறதா? ஒரு காம்பில் ஏழு, ஒன்பது சிற்றிலை வருகிறதா? சிவப்பு ராஸ்பெர்ரியில் மூன்றோ ஐந்தோதான் பெரும்பாலும், முள்ளும் மெல்லியதாக நேராக இருக்கும்.

காட்பாடி கொல்லை:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். மூன்று கன்றில் ஊதாத் தண்டு, வெள்ளைப் பூச்சு, ஏழு சிற்றிலை. முள் கையைக் கிழித்துவிட்டது. நான்காவது மட்டும் மெலிந்த பச்சைத் தண்டு, மூன்று சிற்றிலை. அதில்தான் கருகல் அதிகம்.

ஏலகிரிக் கன்று:
மூன்றும் மைசூர் வகைதான். நான்காவதைப் பையிலேயே காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அதை நம்பி இடம் ஒதுக்காதீர்கள்.

அணைக்கட்டுத் தோட்டம்:
தம்பி, கத்தரி போட்ட பாத்தி வேண்டாம். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை நின்ற மண்ணில் வெர்டிசிலியம் வாடல் பூஞ்சை தங்கியிருக்கலாம், அது ராஸ்பெர்ரியையும் பிடிக்கும். எங்கள் பக்கம் இலவம்பாடி முள் கத்தரிக்குப் புவிசார் குறியீடே வாங்கியாகிவிட்டது, அந்த ஊர்க்காரனே சொல்கிறேன், அடுத்த மூலைக்குப் போங்கள்.

இப்போது தரையில் நடவே நடாதீர்கள். ஆடி வரை பெரிய பையில், பச்சை நிழல் வலைக்கு அடியில் இருக்கட்டும். ஆவணியில் மழை விழ ஆரம்பித்ததும் நடுங்கள், ஐப்பசி மழைக்குள் வேர் ஊன்றிவிடும். ஒரு அடி உயரமாக மேட்டுப்பாத்தி போடுங்கள். அடைமழையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகும். செடிக்குச் செடி ஐந்து அடி விடுங்கள். வேர் மேலாகவே ஓடும் என்பதால் செடியடி மண்ணை மூடி வைக்கும் மூடாக்கு கட்டாயம், மல்லாட்டை (நிலக்கடலை) தோல் கிடைத்தால் அதைக் கொட்டுங்கள்.

குடியாத்தம் மாடி:
நடுவதற்கு முன் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு மண்ணையும் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். மண்ணின் கார அமிலத்தன்மை (பி.எச்.) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் ராஸ்பெர்ரிக்கு நல்லது. சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் போடாதீர்கள், இரண்டும் காரத்தை ஏற்றும்.

காட்பாடி கொல்லை:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். பந்தல் தேவைப்படுமா?

ஏலகிரிக் கன்று:
பந்தல் வேண்டாம். இரண்டு கல்தூண், நடுவில் இரண்டு கம்பி, அதில் தண்டைக் கட்டிவிட்டால் போதும். கட்டாமல் விட்டால் தண்டு பத்து அடி நீண்டு வளைந்து, நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் பிடித்து அடுத்த செடியாகிவிடும். கன்று பெருக்க அதுவே வழி, வேலி தாண்டினால் அதுவே தலைவலி. கலாபகஸ் தீவுகளில் இந்தச் செடி களையாகப் பரவி அழிக்கப் படாத பாடு படுகிறார்கள். காய்த்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள், புதுத் தண்டு வரும்.

பழம் சிவந்ததும் பிள்ளைகள் பறிக்க ஓடுவார்கள், விடாதீர்கள். கறுத்து, லேசாக இழுத்ததும் காம்பை விட்டுக் கழன்று வந்தால்தான் இனிப்பு. விதை கொஞ்சம் பல்லில் கடிபடும்.

வாணியம்பாடி வாசகி:
எனக்கும் ஆசை வருகிறது. எங்கள் தண்ணீர் இதைவிட உப்பு. விதை பாக்கெட் வாங்கி முயற்சிக்கலாமா?

குடியாத்தம் மாடி:
விதை வேண்டாம் அக்கா, அதற்கு வாரக்கணக்கில் குளிர் காட்டினால்தான் முளைக்கும், தாய்ச்செடி போலவும் வராது. நீல நிற ராஸ்பெர்ரி படம் போட்டு விற்றால் அது சுத்த ஏமாற்று. அவ்வளவு உப்பென்றால் மழைநீர்த் தொட்டி இல்லாமல் இறங்காதீர்கள். தொட்டி கட்டும்வரை ஒரு மல்பெரி குச்சியை ஊன்றி வையுங்கள், அது இந்த வெயிலில் கேட்காமலே காய்க்கும்.