நானோ இடுக்கில் படிகம் எந்தப் பக்கம் திரும்புகிறது: ஆய்வுக்கூட அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: ஆய்வுக்கூடப் பொறியாளர், புவன விஸ்தா, சிங்கப்பூர்

அனைவருக்கும் வணக்கம். ஃபெர்ரோமின் பாலிமரின், அதாவது உள்ளே நிலைத்திருக்கும் மின் முனைவாக்கத்தை வெளி மின்புலத்தால் திருப்பக்கூடிய பாலிமரின், மெல்லிய படலம் எதிர்பார்த்தபடி வேலை செய்யாவிட்டால் நாம் முதலில் பொருளைத்தான் சந்தேகிக்கிறோம். என் அனுபவத்தில் பொருள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதன் படிகங்கள் திரும்பியிருக்கும் திசைதான் நமக்கு ஒத்துவராமல் போகிறது.

பிவிடிஎஃப் என்று நாம் சுருக்கிச் சொல்லும் பாலிவினைலிடீன் ஃபுளோரைடில் வலுவான அழுத்த மின்விளைவு (அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் பண்பு) இருப்பதை ஜப்பானைச் சேர்ந்த கவாய் 1969-இல் வெளியிட்டார். அதனுடன் டிரைஃபுளோரோஎத்திலீன் சேர்ந்த கூட்டுப் பாலிமரை இழுத்து நீட்டாமலேயே ஃபெர்ரோமின் படிகமாக்கிவிடலாம் என்பதால் எங்கள் குழு அதையே கையாள்கிறது. சங்கிலியின் ஒரு பக்கம் ஃபுளோரினும் மறுபக்கம் ஹைட்ரஜனும் அணிவகுப்பதால், மின் இருமுனை (பிரிந்து நிற்கும் நேர், எதிர் மின்னேற்ற இணை) சங்கிலிக்குக் குறுக்கே அமைகிறது. எனவே படலத்தின் மேலும் கீழும் மின்முனைகளை வைத்து முனைவாக்கத்தைத் திருப்ப வேண்டுமானால், சங்கிலி தளத்தோடு படுத்திருக்க வேண்டும். அது நிமிர்ந்து நின்றுவிட்டால் இருமுனைகள் எல்லாம் கிடைமட்டமாகிவிடும். பிறகு எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தாலும் அவை மேலும் கீழும் புரள வழியில்லை.

இதைக் கண்ணெதிரே பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே கரைசலிலிருந்து, ஒரே வேகத்தில் சுழற்றிப் பூசிய இரண்டு வேஃபர் (மெல்லிய அடித்தட்டு) துண்டுகள். வினைலிடீன் பங்கு 70 விழுக்காடு உள்ள வகை அது. கியூரி வெப்பநிலை (அதைத் தாண்டினால் ஃபெர்ரோமின் பண்பு மறையும்) 100 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டியும் உருகுநிலை ஏறத்தாழ 150 டிகிரியிலும் இருக்கும். ஒன்றை இரண்டுக்கும் இடைப்பட்ட 135 டிகிரியில் வைத்துப் பதப்படுத்தினோம். மற்றொன்றை ஒப்பீட்டுக்காகவே முழுவதும் உருக்கி ஆறவிட்டோம். முதல் துண்டின் தயக்கக் கண்ணி (மின்புலத்தை ஏற்றி இறக்கும்போது முனைவாக்கம் மாறுவதைக் காட்டும் வளைகோடு) விரிந்து சதுரமாக நின்றது. இரண்டாவதில் கண்ணி சப்பையாகப் படுத்துவிட்டது. எக்ஸ்ரே அளவீடு எடுத்தபோது, உருக்கிய படலத்தில் சங்கிலிகள் நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. படிகம் அதில் குறையவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பார்வைக்கு அது இன்னும் ஒழுங்கான படிகமாகவே இருந்தது.

நம் ஊர்க் காற்றையும் குறிப்பிட்டாக வேண்டும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இடத்தில், டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) போன்று நீரை ஈர்க்கும் கரைப்பானோடு திறந்த அறையில் பூசினால், படலம் உலரும்போதே ஓரத்திலிருந்து பால்போல் வெளுத்துக்கொண்டு வரும். காற்றிலுள்ள நீராவி பாலிமரைக் கரைசலிலிருந்து பிரித்துத் தள்ளி, உள்ளே நுண்துளைகளை உண்டாக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட படலத்தில் திசையைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. உலர் நைட்ரஜன் ஓடும் பெட்டிக்குள் பூசுவதையே நாங்கள் வழக்கமாக்கியிருக்கிறோம்.

மறுமொழி: பலதுறைத் தொழிற்கல்லூரி விரிவுரையாளர்

மிகவும் பயனுள்ள பதிவு, அம்மா. படலத்தில் நீங்கள் கண்டதை நான் துளைகளில் கண்டிருக்கிறேன். அலுமினியத்தை அமிலத்தில் ஆக்சைடாக்கினால் நேராகவும் இணையாகவும் நானோ துளைகள் அமையும் என்பதை அறிவீர்கள். உருகிய பாலிமரை அவற்றுக்குள் இறக்கி, மெதுவாகக் குளிர்வித்து, பிறகு ஆக்சைடைக் கரைத்தால் நானோ தூண்கள் கிடைக்கும்.

பாலிமர்ச் சங்கிலி, புடவையைக் கொசுவுவதுபோல மடிந்து மடிந்து மெல்லிய தகடாகப் படிகமாகிறது. தகடு பக்கவாட்டில் வளரும். சங்கிலியின் திசையிலோ அதன் தடிமன் பெரும்பாலும் பத்து இருபது நானோமீட்டரோடு நின்றுவிடும். குறுகிய துளைக்குள் தகடு நீண்டு வளரக் கிடைக்கும் வழி துளையின் நீளம் மட்டுமே. மற்றத் திசைகளில் வளர முனையும் தகடுகள் சுவரில் முட்டி நின்றுவிட, நீளவாக்கில் வளர்பவை மிஞ்சுகின்றன. விளைவாகச் சங்கிலிகள் துளைக்குக் குறுக்கே படுக்கின்றன. இருமுனைகள் துளையின் நீளவாக்கில் நிற்க வாய்ப்புக் கிடைக்கிறது. வெளியிலிருந்து எந்த மின்புலமும் கொடுக்காமல், சுவர்களே இந்தத் தேர்வைச் செய்துவிடுகின்றன என்பதை மாணவர்களுக்கு விளக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

ஆனால் இந்த ஒழுங்கு எல்லா மாதிரிகளிலும் வராது. துளைகளின் வாயில் பாலிமரின் மெல்லிய அடுக்கு ஒன்று மிஞ்சியிருந்தால், படிகம் அங்கே தோன்றித் துளைகளுக்குள் இறங்கி வளரும். அந்த அடுக்கைச் சவர அலகால் வழித்துத் துடைத்துவிட்டால், ஒவ்வொரு துளையும் தனித்தனியே படிகக் கருவை உண்டாக்கியாக வேண்டும். அதற்கு உருகுநிலைக்கு வெகு கீழே குளிர்விக்க வேண்டியிருக்கும், திசையும் முன்போல் அமையாது. ஆகவே மாதிரி தயாரித்தவர் மேற்பரப்பைத் துடைத்தாரா என்பதை நான் எப்போதும் கேட்டுக் குறித்துக்கொள்வேன். ஆய்வுக் குறிப்பேடுகளில் இந்த ஒரு வரி விடுபட்டுப்போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறுமொழி: முனைவர் பட்ட ஆய்வாளர், ஜூரோங் வெஸ்ட்

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. நினைவகக் கருவிகளுக்காகப் படலத்தை மெலிதாக்கும் பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன். முனைவாக்கத்தைத் திருப்ப இந்தப் பாலிமருக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 50 மெகாவோல்ட் மின்புலம் வேண்டும். 100 நானோமீட்டர் படலத்துக்கு அது 5 வோல்ட். தடிமனைப் பாதியாக்கினால் மின்னழுத்தமும் பாதியாகும் என்று தாளில் கணக்குப் போட்டுவிடலாம். சுழற்றிப் பூசிய படலங்களில் 100 நானோமீட்டருக்குக் கீழே இறங்க இறங்கப் படிகத்தன்மை குறைவதையும், தேவைப்படும் மின்புலம் ஏறுவதையும்தான் நான் பார்த்தேன்.

மெலிதாக இருப்பதே குற்றம் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. நீர்ப்பரப்பில் மிதக்கும் மெல்லிய அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தளத்துக்கு மாற்றும் லாங்முயர்–பிளாட்ஜெட் முறையில் அடுக்கிய, ஏறத்தாழ 1 நானோமீட்டரே தடிமனுள்ள படலமும் ஃபெர்ரோமின் பண்பைக் காட்டுவதாக 1998-இல் அமெரிக்க, ரஷ்ய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த முறையில் சங்கிலிகள் தொடக்கத்திலேயே தளத்தோடு படுக்க வைக்கப்படுகின்றன. 2009-இல் பெல்ஜியத்தின் லூவேன் குழுவினர் நானோ அச்சைப் படலத்தின்மீது அழுத்தி, அந்தச் சிறு குழிகளுக்குள்ளேயே படிகமாக்கி, குறைந்த மின்னழுத்தத்தில் திரும்பும் ஒழுங்கான அமைப்புகளைப் பெற்றார்கள். தொடர்ச்சியான படலம் தராத திசையொழுங்கை அடைபட்ட இடம் தந்தது.

இப்போது என் மேசையில் அதே வகை அச்சிட்ட மாதிரி ஒன்றும், அச்சிடாத படலம் ஒன்றும் இருக்கின்றன. அச்சிடும் வெப்பநிலை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. உருகுநிலையைத் தாண்டினால் பாலிமர் குழிகளை எளிதில் நிரப்பும். ஆனால் குழிகளுக்கு அடியில் மிஞ்சும் அடுக்கில் சங்கிலிகள் அக்கா சொன்னபடி நிமிர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அந்த அடுக்கை எவ்வளவு மெலிதாக விட்டீர்கள் என்பதை, அச்சிட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தெரிவியுங்கள்.