சோற்றைக் குறைத்தால் 'வருத்தமோ?' என்கிறார்கள்

வட்டக்கச்சியான்:
எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்கும் அம்மப்பாவுக்கும் சீனி வருத்தம் (நீரிழிவு). எனக்கும் வந்துவிடக்கூடாது என்று இரவுச் சோற்றை விட்டேன், மதியச் சோற்றைப் பாதியாக்கினேன். உடம்பு நல்லாத்தான் இருக்கிறது. சனத்தின் வாய்தான் தாங்க முடியவில்லை. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரே கேள்வி: "என்ன, வாடிப் போனாய், வருத்தமோ?" மாமியோ நான் அங்கால திரும்பும் நேரம் பார்த்து இன்னொரு அகப்பை போட்டுவிடுகிறா. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முத்தையன்கட்டு:
தம்பி, 2009 இல் யுத்தத்தின் கடைசியில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் இது. அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்பு. அதைக் குடித்துத் தப்பியவர்களுக்கு மெலிந்த உடம்பைக் கண்டால் பயம் வராதா? மாமியில் என்ன பிழை?

வட்டக்கச்சியான்:
மாமியில் பிழை சொல்லவில்லை அண்ணை. ஆனால் அந்த அகப்பையை விழுங்குவது நான். பசி கிடக்கவும் இல்லை. கோப்பையில் பாதி முருங்கையிலை வறை, பயற்றங்காய், ஒரு துண்டு மீன். சோறு ஓரத்தில்.

தாதி_கிளி:
குறைத்துச் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையில் செய்கிறீர்கள் என்றால் ஒரு விசயம். அமெரிக்காவில் 'கலரி' என்ற ஆய்வில் 218 பேர். கலோரியைக் குறைக்க வேண்டிய குழுவுக்கு இலக்கு 25 வீதம், இரண்டு வருடம். அவர்களால் சராசரியாக 12 வீதம்தான் முடிந்தது. பிரஷரும் கெட்ட கொழுப்பும் இறங்கின. கூடவே இடுப்பு, முள்ளந்தண்டு எலும்பின் அடர்த்தியும் குறைந்தது. மனிதரில் ஆயுள் கூடியதை யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. நிறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைக்காமலே மெலிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சீனியும் சயரோகமும் அப்படித் தொடங்கலாம். அதனால் ஊரார் கேட்கும் "வருத்தமோ" அவ்வளவு மூடக் கேள்வியும் இல்லை.

குளக்கட்டு:
இவ்வளவு விளக்கம் எதற்கு? "டொக்டர் சோத்தைக் குறைக்கச் சொன்னவர்" என்றால் எல்லாரும் அடங்குவினம்.

முத்தையன்கட்டு:
பொய். விடிய முதல் "அவனுக்குச் சீனியாம்" என்று ஊர் முழுக்கப் போகும். பிறகு தங்கச்சிக்குக் கலியாணம் பேச வருகிறவனும் அதையே விசாரிப்பான்.

குளக்கட்டு:
அதுவும் சரிதான். அப்படியென்றால் பந்தியில் பரிமாற நில்லுங்கோ. பரிமாறுகிறவன் கடைசிப் பந்தியில்தான் இருப்பான், அவன் கோப்பையை யார் பார்க்கிறது? மாமி வீட்டில் முதலில் கொஞ்சமாகப் போடச் சொல்லி, பிறகு நீங்களே ஒரு கரண்டி கேட்டு வாங்குங்கோ. கேட்டு வாங்கினால் மனிசிக்கு வயிறு நிறைந்துவிடும்.

முத்தையன்கட்டு:
மாமியை ஏய்க்கலாம். வீட்டில் பிள்ளைகள்? அப்பன் இரவில் கோப்பை எடுக்காததைத் தினமும் பார்க்குதுகள்.

வட்டக்கச்சியான்:
அதுகளுக்குப் புட்டும் சம்பலும் இருக்கு. நான் பக்கத்தில் இருந்து பிளேன்ரீ குடிக்கிறேன்.

தாதி_கிளி:
வளரும் பிள்ளைகள் ஒருநாளும் குறைக்கக்கூடாது. அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், உங்களைப் பார்த்து விளங்கிக்கொள்வார்கள் என்று விடாதீர்கள்.

முத்தையன்கட்டு:
நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்களாவது சொல்லுங்கோ பிள்ளை.

வட்டக்கச்சியான்:
சரி, பிள்ளைகளோடு கதைக்கிறேன். வாற கிழமை ஒரு அந்திரட்டி, செத்தவருக்குச் செய்யும் சடங்கு, இருக்கு. பரிமாறத்தான் நிற்கப் போகிறேன்.