மறு: ‘ரூஃப் கர்ப்’ – ‘கூரை விளிம்பு’ வேண்டாமே

வணக்கம்.

‘ரூஃப் கர்ப்’ (roof curb) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘கூரை விளிம்பு’ என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு சொல். விளிம்பு என்றால் கூரை முடிகிற இடம், மழைத்தண்ணீர் சொட்டுகிற பக்கம். நாம் பெயர் தேடுவதோ கூரை நடுவே திறப்பு விட்டு, விசிறியோ வெளிச்சத்துக்குக் கண்ணாடியோ வைக்கும்போது, தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க அந்தத் திறப்பைச் சுற்றி எழுப்பும் அடைப்புக்கு.

மற்ற யோசனைகளில், ‘கூரைச் சட்டம்’ என்றால் தச்சர் ரீப்பருக்கு (ஓடு தாங்கும் மெல்லிய குறுக்குச் சட்டம்) அடியில் போகும் மரத்தைக் காட்டுவார். ‘வாய்க்கட்டு’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் அது பத்தியம்! நானே முதலில் ‘வரப்பு’ என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, வரப்பு தண்ணீரை உள்ளே நிறுத்துவது, இது வெளியே நிறுத்துவது. கிணற்றைச் சுற்றி எழுப்புகிறோமே, அதுதான் இதற்கு நெருங்கிய உறவு. அதனால் ‘சுற்றுக்கட்டு’ என்கிறேன். வீட்டுச் சுற்றுக்கட்டோடு, அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டோடு, குழம்பும் என்றால் ‘திறப்புச் சுற்றுக்கட்டு’.

இதில் இன்னொரு வசதி, கூரைக்குத் தக்கபடி முன்னொட்டு மாறும். கான்கிரீட் தளத்தில் ‘வார்ப்புச் சுற்றுக்கட்டு’. இங்கே உயரத்தில்தான் ஏமாறுவோம். அமெரிக்கக் கூரை வேலையில் குறைந்தது 8 அங்குலம் என்பார்கள், அது முடிந்த தளத்துக்கு மேலே. எங்கள் மாடியில் கொத்தனார் வெறும் தளத்திலிருந்து 8 அங்குலம் அளந்து வார்த்துவிட்டார், மேலே செங்கல் ஜல்லிச் சுருக்கியும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு) தட்டை ஓடும் போட்டு முடித்தபோது மிஞ்சியது பாதிதான், அடுத்த ஐப்பசியில் படுக்கையறைக்குள் வாளி வைத்தோம்.

தகரக் கூரையில் வார்ப்பு உதவாது. தகடு வெயிலில் நீளும், இரவில் சுருங்கும், சுற்றுக்கட்டும் அதோடு அசைய வேண்டும், அதனால் ‘தகட்டுச் சுற்றுக்கட்டு’. மேட்டுப் பக்கம் கூரைத் தகடு சுற்றுக்கட்டின் மடிப்பின் (அடியில் வெளியே நீளும் தகட்டின்) மேல் ஏற வேண்டும், பள்ளப் பக்கம் மடிப்பு கூரைத் தகட்டின் மேல் படிய வேண்டும். மாற்றி வைத்தால் எத்தனை குழாய் சிலிக்கான் பூசினாலும் ஒழுகும். மேட்டுப் பக்கம் தேங்கும் தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்துவிட ஒரு சின்ன முகடும் வேண்டும்.

ஓட்டுக் கூரைக்கு ‘மரச் சுற்றுக்கட்டு’, மேலே ஈயமோ அலுமினியமோ மடித்து ஓட்டின் வளைவுக்குத் தட்டிப் படிய வைப்பது.

அந்த மடிப்புக்கு, அதாவது இணைப்பில் தண்ணீர் இறங்காமல் மூடும் ‘ஃபிளாஷிங்’ (flashing) தகட்டுக்கு, இப்போதைக்கு ‘மடிதகடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்கலாமா?