பெர்மாங்கனேட் நார்மாலிட்டி: அளவீடு மூன்று முறையும் ஒத்து வருகிறது, விடை மட்டும் தப்பு

கேள்வி (பி.எஸ்சி. முதலாண்டு மாணவி)

வணக்கம். 1.575 கிராம் ஆக்சாலிக் அமிலம் எடை போட்டு, 250 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்தேன். அதில் 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வைத்துத் தரம் பார்த்தேன் (டைட்ரேஷன்). மூன்று முறையும் 19.6 மி.லி. என் கணக்குப்படி பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி (லிட்டருக்கு எத்தனை சமானம் என்ற செறிவு) 0.1429 நார்மல். கரைசல் தயாரித்த மேடம், 0.102 பக்கம் வர வேண்டும் என்கிறார். இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், அதே விடைதான். வெள்ளிக்கிழமை ரெக்கார்ட் கொடுக்க வேண்டும், யாராவது உதவுங்கள்.

பதில் (எம்.எஸ்சி. மாணவர்)

பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் பிறையின் (கரைசலின் வளைந்த மேற்பரப்பின்) அடிப்பகுதி தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். அப்படித்தான் படித்தீர்களா? அமிலக் கரைசலை 60–70 டிகிரிக்குச் சூடாக்கினீர்களா? குடுவையில் பழுப்பு நிறம் வந்ததா? வந்தால் கந்தக அமிலம் போதவில்லை என்று அர்த்தம்.

கேட்டவர்

மேல் விளிம்புதான் அண்ணா. சூடாக்கினேன், நீர்த்த கந்தக அமிலமும் சேர்த்தேன். பழுப்பு வரவில்லை. கடைசியில் வெளிர் இளஞ்சிவப்பு நிலையாக நின்றது.

பதில் (ஓய்வு பெற்ற ஆய்வகப் பயிற்றுநர்)

உன் கையில் பிழை இல்லையம்மா. பியூரெட்டைத் தப்பாகப் படித்தால் 0.1, 0.2 மி.லி. மாறும், விடை இவ்வளவு தூரம் போகாது. உன் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பார். 0.1429 ÷ 0.102, அதாவது 1.4 மடங்கு.

இப்படித் துல்லியமாக ஒரு மடங்கு வந்தால், எங்கே தப்பியது என்பதை அந்த எண்ணே காட்டிக் கொடுத்துவிடும். சமன்பாட்டின் 2:5 விகிதத்தில் (2 மோல் பெர்மாங்கனேட்டுக்கு 5 மோல் ஆக்சாலிக் அமிலம்) தடுமாறியிருந்தால் 2.5 மடங்கு வந்திருக்கும். 1.4 என்பது 126-ஐ 90-ஆல் வகுத்தால் கிடைப்பது. நீரற்ற ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் நிறை 90. கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமாக இருப்பது இரண்டு மூலக்கூறு படிகநீரோடு சேர்ந்த படிகம், அதற்கு 90 + 36 = 126. ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான் இழப்பதால் சமான நிறை (ஒரு எலக்ட்ரானுக்கு உரிய நிறை) 126 ÷ 2 = 63. நீ 90-இல் பாதி, 45 போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அப்புறம் பாட்டில் லேபிளில் ‘டைஹைட்ரேட்’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. நான் பார்த்த மாணவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மதிப்பெண் விட்டார்கள். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் தராசு எடை காட்டுகிறது, அதனால் கணக்கிலும் அது இருந்தாக வேண்டும்.

கேட்டவர்

ஆமாம் ஐயா, 45 தான் போட்டேன்! ரெக்கார்டில் நீரற்ற வாய்பாட்டை எழுதி வைத்திருந்தேன். லேபிளில் ‘டைஹைட்ரேட்’ என்றுதான் இருக்கிறது. இப்போது 1.575 ÷ 63 = 0.025 சமானம், 250 மி.லி.க்கு 0.1 நார்மல். 0.1 × 20 ÷ 19.6 = 0.102. வந்துவிட்டது! ஆனால் ஒரு சந்தேகம், 2:5 விகிதத்தை நான் எங்கேயுமே பயன்படுத்தவில்லையே?

பதில் (ஓய்வு பெற்ற ஆய்வகப் பயிற்றுநர்)

நல்ல கேள்வி. நார்மாலிட்டிக்குள் எலக்ட்ரான் எண்ணிக்கை ஏற்கெனவே அடங்கிவிட்டது: ஆக்சாலிக் அமிலத்துக்கு 2, அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட்டுக்கு 5. மோலில் போட்டுப் பார், புரியும். அமிலம் 0.05 மோலார், 20 மி.லி.யில் 1 மில்லிமோல். அதற்கு 2/5 பங்கு, அதாவது 0.4 மில்லிமோல் பெர்மாங்கனேட் தேவை. 0.4 ÷ 19.6 = 0.0204 மோலார். ஐந்தால் பெருக்கு, அதே 0.102.

பதில் (எம்.எஸ்சி. மாணவர்)

லிட்டருக்கு எத்தனை கிராம் என்றும் கேட்பார்கள். பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158, அதன் சமான நிறை 158 ÷ 5 = 31.6, அதை 0.102-ஆல் பெருக்கினால் 3.22 கிராம். பழைய விடையை வைத்து 4.51 என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்

4.51 என்றுதான் எழுதியிருந்தேன் அண்ணா. இரண்டையும் மாற்றிவிட்டேன். ஐயாவுக்கும் உங்களுக்கும் ரொம்ப நன்றி.