வர்ஜீனியா: டெலிகேட் தேர்தல், நம் தொகுதி, அவருடைய அலுவலகம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆஷ்பர்ன்வாசி:

வணக்கம். போன மாதம்தான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன், மறுவாரமே வாக்காளராகவும் பதிந்துவிட்டேன். பதிவு அட்டை தபாலில் வந்தது. அதில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதி, மாநில செனட் தொகுதி, ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் தொகுதி என்று மூன்று எண்கள் இருக்கின்றன. முதல் எண் புரிகிறது. மூன்றாவதுதான் குழப்பம். பதினான்கு வருடமாக இங்கே வரி கட்டுகிறேன், ஆனால் டெலிகேட் என்பவர் என்ன செய்கிறார் என்று உட்கார்ந்து யோசித்ததே இல்லை. நம் ஊர் எம்.எல்.ஏ. மாதிரி என்று வைத்துக்கொள்ளலாமா? எங்கள் தெருவில் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, மைத்துனருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் வேறு நகராமல் நிற்கிறது, இதையெல்லாம் அவர் அலுவலகத்தில் சொல்லலாமா? பக்கத்து வீட்டு நண்பர் "அது சின்னத் தேர்தல், பாதிப் பேர் போகவே மாட்டார்கள்" என்கிறார். எனக்கு இது முதல் ஓட்டு, தெரிந்துகொண்டு போட வேண்டும் என்று ஆசை.

ரிச்மண்ட் பக்கம்:

முதலில் வாழ்த்துகள். எம்.எல்.ஏ. என்று வைத்துக்கொள்வது ஏறக்குறைய சரிதான், ஆனால் சில வித்தியாசங்கள் உண்டு. மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையான ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸில் 100 டெலிகேட்டுகள், மேலவையான செனட்டில் 40 செனட்டர்கள். டெலிகேட்டின் பதவிக்காலம் இரண்டே ஆண்டு, செனட்டருக்கு நான்கு. மாநிலத் தேர்தல்கள் ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும், அதாவது ஜனாதிபதி தேர்தலோ காங்கிரஸ் தேர்தலோ இல்லாத ஆண்டில். கூட்டம் குறைவதற்கு அது ஒரு பெரிய காரணம். 2020 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை சுமார் 86 லட்சம், அதை 100 ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு டெலிகேட்டுக்கு 86 ஆயிரம் பேர்தான். நம் ஊர்ச் சட்டமன்றத் தொகுதியில் வாக்காளர்களே இரண்டு லட்சத்துக்கு மேல் இருப்பார்கள். அதனால் இங்கே டெலிகேட் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்பது சாதாரணம்.

இன்னொன்று, இது முழுநேர வேலை இல்லை. நீண்ட காலமாகச் சம்பளம் ஆண்டுக்கு 17,640 டாலராகவே இருந்தது. ஜனவரியில் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் கூடுவார்கள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள், ஒற்றைப்படை ஆண்டில் சுமார் ஒன்றரை மாதம், அப்புறம் வக்கீலோ ஆசிரியரோ அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். தமிழ்நாட்டில் இருப்பது போல எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி எதுவும் அவர் கையில் கிடையாது. பேருந்து நிழற்குடையில் பெயர் போட்டுக்கொள்ள வழியில்லை.

உங்கள் சாலை விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான மாநிலங்களில் அது கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வேலை, வர்ஜீனியாவில் அப்படி இல்லை. ஆர்லிங்டன், ஹென்ரைக்கோ தவிர மற்ற கவுண்டிகளில் பொதுச்சாலைகளைப் பராமரிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறைதான். முதலில் அந்தத் துறையில் புகார் பதியுங்கள். அசையாவிட்டால் டெலிகேட் அலுவலகத்துக்கு எழுதுங்கள், அது சரியான இடம்தான். ஆனால் தெரு உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான தனியார் தெருவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்படியென்றால் இரண்டு பேருமே ஒன்றும் செய்ய முடியாது. மைத்துனர் விஷயம் மத்திய அரசுடையது, அதற்குக் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம்.

கடல்முகத்துக்காரி:

"சின்னத் தேர்தல்" என்று சொன்ன அந்த நண்பரிடம் இதைக் காட்டுங்கள். 2017 டெலிகேட் தேர்தலின்போது நாங்கள் நியூபோர்ட் நியூஸில் 94ஆம் தொகுதிக்குள் குடியிருந்தோம். எனக்கு அப்போது ஓட்டு இல்லை, கணவருக்கு இருந்தது. அன்று வேலை முடிந்து வந்தவர் சட்டைகூட மாற்றாமல் ஓடி, வாக்குச்சாவடி ஏழு மணிக்கு மூடுவதற்குச் சில நிமிடம் முன்னால்தான் ஓட்டுப் போட்டார்.

முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி 10 ஓட்டு முன்னால். டிசம்பர் 19 மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் ஜெயித்தார், 11,608க்கு 11,607. எங்கள் தெருவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு வாக்குச்சீட்டு மூன்று நீதிபதிகள் முன்னால் வந்தது. வாக்காளர் இரண்டு வட்டத்தையும் நிரப்பி, சைமண்ட்ஸ் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தின் மேல் ஒரு கோடு கிழித்திருந்தார். அது யான்சிக்குப் போட்ட ஓட்டுதான் என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். ஆளுக்கு 11,608.

சமமாக வந்தால் குலுக்கல் என்று இந்த மாநிலச் சட்டமே சொல்கிறது. 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயரையும் சீட்டில் எழுதி, பழைய கேமரா பிலிம் டப்பாவில் ஆளுக்கொன்றாகப் போட்டு, ரிச்மண்ட் கலை அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கி வந்த ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்து மாநிலத் தேர்தல் வாரியத் தலைவர் ஒன்றை எடுத்தார். யான்சி. அந்த ஒரு பெயரால் கீழவை 50-50 ஆகாமல் 51-49 என்று குடியரசுக் கட்சியிடமே இருந்தது. அவைத்தலைவர் யார், எந்த மசோதா குழுவைத் தாண்டும் என்பதெல்லாம் அதன்படி அமைந்தது. அன்று ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்த அக்கம்பக்கத்தார் முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. 2019இல் அதே இருவர் மறுபடி மோதினார்கள், நீதிமன்ற உத்தரவால் தொகுதி எல்லையும் மாறியிருந்தது, சைமண்ட்ஸ் வென்றார்.

பொருநைக்கரை:

அக்கா சொன்னது அமெரிக்காவில் மட்டும் நடப்பதில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ராதாபுரத்தில் 2016இல் 49 ஓட்டு வித்தியாசம்தான், தபால் ஓட்டுகளைத் தள்ளுபடி செய்ததைப் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வருடக்கணக்கில் போனது. சமமாக வந்தால் குலுக்கல் என்பது இந்தியச் சட்டத்திலும் உண்டு.

ஆஷ்பர்ன்வாசிக்கு ஒரு வேண்டுகோள், தொகுதி எண்ணை நீங்களே சரிபாருங்கள். அதே 2017இல் ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கம் 28ஆம் தொகுதியில் 147 பேருக்கு வேறு தொகுதியின் வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஜெயித்த வித்தியாசம் 73. வழக்குப் போட்டும் முடிவு மாறவில்லை. தவறு அதிகாரிகளுடையது, இழப்பு வாக்காளருடையது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

ரிச்மண்ட் பக்கம்:

நல்ல நேரத்தில் ஞாபகப்படுத்தினீர்கள். பழைய எண்களை நம்பவே கூடாது. 2020இல் மக்கள் ஓட்டுப் போட்டு தொகுதி எல்லை வரைய ஒரு ஆணையம் அமைத்தார்கள், இரு கட்சியும் ஒத்துப்போகாததால் அது முடங்கியது, கடைசியில் மாநில உச்ச நீதிமன்றமே வரைபடத்தை முடித்து 2021 டிசம்பரில் வெளியிட்டது. 2023 தேர்தல் அந்தப் புது வரைபடத்தில் நடந்தது. எண்கள் மொத்தமாக மாறிவிட்டன, சைமண்ட்ஸ் இப்போது 70ஆம் தொகுதி. பொதுச்சபை (மாநிலச் சட்டமன்றம்) இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் உங்கள் டெலிகேட், செனட்டர் இருவர் பெயரும் வந்துவிடும்.

ஆஷ்பர்ன் லவுடன் கவுண்டியில் இருப்பதால் இடைத்தேர்தலையும் கவனியுங்கள். சுஹாஸ் சுப்ரமணியம் 2024 நவம்பரில் அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வானதும் அவருடைய மாநில செனட் இடம் காலியானது, அதற்கு டெலிகேட்டாக இருந்த கண்ணன் ஸ்ரீனிவாசன் நின்றார், அவர் டெலிகேட் இடமும் காலியாகும் என்பதால் இரண்டுக்கும் ஒரே நாளில், 2025 ஜனவரி 7 அன்று, குளிரில் தேர்தல் நடந்தது. தெரியாமலே விட்டவர்கள் நம் ஆட்களில் நிறைய.

மீனாட்சி_லவுடன்:

அலுவலகம் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எனக்கு வேலை போன சமயம், ஒரு மாநில அலுவலகத்தில் என் விண்ணப்பம் மூன்று மாதம் பதிலே இல்லாமல் கிடந்தது. போன் செய்தால் ஒரு மணி நேரம் பாட்டு ஓடும், அப்புறம் துண்டித்துவிடும். டெலிகேட் அலுவலகத்துக்கு எழுதினேன். பெரிய அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள், கட்டிடம், வாசலில் கூட்டம், துண்டு போட்ட ஆட்கள் எதுவும் இல்லை. உதவியாளர் ஒரே ஒரு பெண். அவர்தான் மின்னஞ்சல் படிக்கிறார், அவர்தான் போன் எடுக்கிறார். என் கடிதத்தில் கதை நிறைய இருந்தது, அவர் கேட்டது மூன்றே விஷயம்: விண்ணப்ப எண், அனுப்பிய தேதி, என் சார்பாகத் துறையிடம் பேச எழுத்துமூலமான சம்மதம். கொடுத்தேன், பதினோராம் நாள் துறையிலிருந்தே கூப்பிட்டார்கள்.

நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று அவர் கேட்கவே இல்லை. தெரிந்தவர் சிபாரிசும் தேவைப்படவில்லை, தொகுதிக்குள் வீட்டு முகவரி இருந்தது, அது போதும். ஒன்று மட்டும், ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை எல்லோரும் ரிச்மண்டில் இருப்பார்கள், பதில் தாமதமாகும். அவசரமில்லாததை ஏப்ரலில் எழுதுங்கள். ஆனால் ஒரு மசோதாவைப் பற்றி உங்களுக்குக் கருத்து இருந்தால் அந்த இரண்டு மாதத்தில்தான் எழுத வேண்டும், ஏப்ரலில் எழுதிப் பயனில்லை.

ஆஷ்பர்ன்வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரியைப் போட்டுப் பார்த்தேன், அட்டையில் இருந்த எண்ணும் இணையதளத்தில் வந்த எண்ணும் ஒன்றுதான். தெருவும் மாநிலக் கணக்கில்தான் இருக்கிறது, சாலைப் புகார் இப்போதுதான் பதிந்தேன், எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை எனக்கு ஷிப்ட், முன்னாலேயே போட முடியுமா?

கடல்முகத்துக்காரி:

முடியும் தம்பி. தேர்தலுக்கு 45 நாள் முன்பே தொடங்கிவிடும், காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். தொடக்கத்தில் கவுண்டி வாக்காளர் பதிவாளர் அலுவலகத்தில் மட்டும் இருக்கும், நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். இங்கே கட்சிப் பதிவு கிடையாது என்பதால் ஜூன் பிரைமரியிலும் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல்) நீங்கள் விரும்பும் ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம், அதையும் விட்டுவிடாதீர்கள். வட்டத்தை நிரப்பும்போது கை தவறிவிட்டால் கோடு கிழிக்க வேண்டாம், அங்கேயே அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்துப் புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.