வீட்டுக்குள் காஸ் நாற்றம், மெயின் சுவிட்சை இறக்கலாமா? அவசரம்

கேள்வி: கொழுந்துக்காரி
இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தோட்ட லயம் (வரிசை வீடு). டவுனுக்குப் போய் வந்து கதவைத் திறந்தால் ஒரே காஸ் நாற்றம். குளிருக்கு ஜன்னல் எல்லாம் அடைத்துக் கிடந்தது. 12.5 கிலோ சிலிண்டர், முந்தாநாள்தான் மாற்றினோம். லைட் போடவில்லை. மாமியும் பிள்ளையும் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) நிற்கிறார்கள். உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஜன்னலைத் திறக்கட்டுமா? பக்கத்துக் காம்பராவில் (அடுத்த லய வீட்டில்) விறகு அடுப்பு எரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

பதில்: அடுப்பு ரிப்பேர் அண்ணன்
தங்கச்சி, உள்ளே போகவே வேண்டாம். மெயின் சுவிட்சை இறக்கும்போதும் பொறி விழும். போடுவதும் அணைப்பதும் ஒன்றுதான். கதவு திறந்தபடியே கிடக்கட்டும். இஸ்தோப்பிலும் நிற்காதீர்கள். காஸ் காற்றை விடக் கனம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தரையோடு ஊர்ந்து வாசல் வழியே பள்ளத்துக்குத்தான் இறங்கும். அதனால் பணிய ரோட்டுக்கு ஓடாமல் மேட்டுப் பக்கம் ஏறுங்கள். பக்கத்துக் காம்பராக்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். அடுப்பைக் கிளறி அணைக்க நிற்காமல் அப்படியே வெளியே வரச் சொல்லுங்கள். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். தூரமாய்ப் போன பிறகு தீயணைப்புப் படைக்கு, 110க்கு அடியுங்கள். மலையேறி வண்டி வர நேரம் எடுக்கும், அதனால் தாமதிக்க வேண்டாம். யாருக்காவது தலை சுற்றினால் அம்புலன்ஸுக்கு 1990.

கொழுந்துக்காரி
மேல் லயத்துக்கு வந்துவிட்டோம். எல்லோரும் வெளியே. 110க்குச் சொல்லியாச்சு.

பதில்: ஹட்டன் டீச்சர்
நல்லது அம்மா. நாற்றம் குறைந்தது மாதிரி இருந்தாலும் திரும்பிப் போகாதீர்கள். காஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு அது பழகிவிடும். வந்தவர்கள் பார்த்துச் சொல்லும்வரை சாமி விளக்குகூட ஏற்ற வேண்டாம். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்ததை நாம் யாரும் மறக்கவில்லை.

கொழுந்துக்காரி (மறுநாள் காலை)
எல்லோரும் சுகம். வால்வு வாயில் இருந்த ரப்பர் வாசர் கிழிந்திருக்கிறது. இன்னொரு சந்தேகம்: குளிர் நாளில் தீ சிறுத்துப் போனால் மாமி சிலிண்டரைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் வைப்பார். அது சரியா?

அடுப்பு ரிப்பேர் அண்ணன்
வேண்டாம் தங்கச்சி. இதிலிருக்கும் பியூட்டேன் குளிரில் மெதுவாகத்தான் ஆவியாகும், அதனால்தான் தீ சிறுக்கிறது. சூடு காட்டினால் உள்ளே அழுத்தம் ஏறும். மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இனி சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் ரெகுலேட்டரைச் சுற்றியும் குழாய் நெடுகவும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி விட்டால் கசிகிறது, உடனே மூடிவிடுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் நம் லயங்களில் இன்னும் இருக்கிறது, அதைக் கண்டால் தடுத்துவிடுங்கள்.