மறு: 'ஜாங்க்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். கணினி ஆட்டங்களில் கைக்குப் படியாத கரடுமுரடுத் தன்மையை ஆங்கிலத்தில் 'ஜாங்க்' (jank) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> 'வழு மலிந்த ஆட்டம்' என்றே வைத்துக்கொள்வோமே. புதுச்சொல் எதற்கு?

இதற்கு மட்டும் ஒப்பமாட்டேன் ஐயா. 'பக்' (bug) என்பதற்கு வழு நிலைத்துவிட்டது. நிரலாளர் நினைத்தது ஒன்று, கணினி செய்வது வேறொன்று என்றால் அது வழு. ஜாங்க் உள்ள ஆட்டம் நினைத்தபடியே ஓடும். நம் கைக்குத்தான் படியாது.

கோதிக்கைப் பாருங்கள். பிரானா பைட்ஸ் என்ற ஜெர்மன் குழு 2001இல் வெளியிட்ட பாத்திரமேற்பு ஆட்டம். தரையில் கிடக்கும் செடியைப் பறிக்கக் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்ட வேண்டும். வாள் வீசவும் அதே கன்ட்ரோல், அதே அம்புக்குறிகள். முதல் ஒரு மணி நேரம் பறக்காத ஒரு பறவையிடம் கொத்து வாங்கியே செத்தேன். எந்தத் திருத்தப்பொதியும் இதை 'வழு' என்று நீக்கப் போவதில்லை, அமைப்பே அப்படி.

அதே ஆட்டத்தில், வாள் பழகாதவன் ஒற்றைக்கை வாளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு திணறுவான். ஆசானுக்குக் காசு கொடுத்துப் பயின்று வந்தால் ஒரு கையில் ஏந்துவான். நிற்கிற நிலையே மாறியிருக்கும். தேர்ச்சிப் புள்ளி எத்தனை என்று பட்டியலைத் திறந்து பார்க்கவே வேண்டாம். மந்திரத் தடுப்புக்குள் மாட்டிக்கொண்ட சுரங்கக் கைதிகள் இருட்டினால் குடிசைக்குப் போய்ப் படுக்கிறார்கள். அழையாமல் உள்ளே நுழைந்தால் அதட்டி விரட்டுகிறார்கள். ஆட்டத்தை ஆக்கியவர்கள் ஆசையெல்லாம் இங்கே கொட்டிவிட்டார்கள். நாம் பிடித்து ஆட்டும் கைப்பிடியைத்தான் யாரும் இழைக்கவில்லை.

> மெருகிலி?

கேட்க அழகு. ஆனால் மெருகு கடைசியில் ஏற்றுவது, இங்கே இழைப்புளியே படவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வேங்கைப் பலகை கிடக்கிறது. நாலு பேர் உட்கார்ந்தாலும் அசையாது. கை வைத்து இழுத்தால் சிலாம்பு ஏறும். எந்த ஓரத்தில் உட்காரக் கூடாது என்று வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

ஆகவே என் முன்மொழிவு: சிலாம்பு. 'கதை அருமை, சண்டைதான் சிலாம்பு' என்று வாயில் வருகிறதா பாருங்கள். சிராய் என்றும் சொல்வதுண்டு, ஆனால் சிராய்ப்பு என்றதும் முழங்கால் காயம்தான் நினைவுக்கு வரும்.

> குறை தெரிந்தும் ரசிக்கிறோமே, அதற்கு?

அது நன்னூலிலேயே இருக்கிறது: வழுவமைதி, அதாவது தக்க காரணம் இருந்தால் வழுவையும் ஏற்றுக்கொள்வது. வருகிற பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழு. உவப்பில் சொன்னதால் அமைதி. மேலே வழு வேண்டாம் என்ற நானே இதைச் சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். நிரல் வழு வேறு, இலக்கண வழு வேறு.

---

> ஆகவே என் முன்மொழிவு: சிலாம்பு.

தட்டச்சில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் சிலம்பு. ஆட்ட விமர்சனம் தேடுகிறவன் முன்னால் கண்ணகி வந்து நிற்பாள். வழுவமைதிக்கு என் வாக்கு உண்டு.

---

துணைக்காலை நான் யோசிக்கவில்லை. சிறாம்பு என்றும் ஒரு வழக்கு இருக்கிறதே, அதில் கால் போனாலும் கண்ணகி வரமாட்டாள். மறுப்பு இல்லையென்றால் ஞாயிறு இரவு சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். எடுத்துக்காட்டுக்கு அந்தச் செடி பறிக்கும் கூத்தையே போடலாம்.